புதுநன்மைப் பட்டியல்

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், பாப்பா மூவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஊருக்கெல்லாம் நீ சாமியார்; ஆனால் வந்த இடத்தில் கம்பளிச் சட்டையை மறந்து வைத்துவிட்டுப் போகிற விஷயத்தில் இன்னும் என் தம்பிதான். பார்சலில் வருகிறது.

ஏன் கடிதம் என்று கேட்காதே. போனில் பேசினால் 'ம்', 'ம்' என்றே ஒப்பேற்றிவிடுகிறாய். தாளில் எப்படி 'ம்' கொட்டுகிறாய் என்று பார்க்கிறேன்.

நீ வந்தபோது வகுப்புகளுக்கு விடுமுறை. நம் வீட்டுப்பள்ளி நடக்கிற அழகை நீ பார்க்கவில்லை. ஐந்து குடும்பம், பதினொரு பிள்ளைகள். செவ்வாயும் வியாழனும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் எல்லோருக்கும் சேர்த்து வகுப்பு. மற்ற நாட்களில் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். பேக்கரிக்காரர் மனைவி பாட்டு, தையற்காரம்மா ஓவியம், தபால்காரர் விளையாட்டு, நான் மொழியும் சரித்திரமும். கணக்கு, அறிவியல், கோயில் மந்திரங்கள் சொல்லித்தருகிற ஞானோபதேசம் மூன்றும் அட்டவணையம்மா. பிள்ளைகள் வைத்த பெயர் அது. தண்ணீர் குடிக்கவும் நேரம் குறித்துச் சுவரில் ஒட்டுகிற பெண்மணி. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அந்தப் பழக்கம். நீ பூசை வைத்தபோது முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். அவர் மகள் நெட்டைக்கு நான் டீச்சர், என் மகளுக்கு அவர் டீச்சர். இப்படி ஓர் ஏற்பாட்டில் யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது என்று ஆரம்பித்த நாளிலேயே நான் பெருமையடித்தேன்.

பாப்பாவுக்கு வருகிற ஜூனில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளைக் கவுனுக்கு அளவு கொடுத்தாயிற்று. மந்திரங்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்கிறாள். பாடம் சொல்லிக்கொடுத்தால் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். புத்தகத்தில் மூழ்கிவிட்டால் பின்னாலிருந்து பத்து முறை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். அவ்வளவு கவனம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பேரோடு உட்கார வைத்திருந்தால் இது வருமா?

புதுநன்மைக்கு முன்னால் திரைக்கு அப்பாலிருக்கும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல வேண்டுமே, அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்கு நீ அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினாயே, வெளியே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான்தான் குறுக்கே பேசிவிட்டேன். என்ன அது?

செபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் பரவாயில்லை. சட்டை கிடைத்தது, பாக்கெட்டில் நீ வைத்த மாத்திரையும் கிடைத்தது. கோயில் கூரை ஒழுகுகிறது. பீடத்துக்கு மேலேயே ஒழுகுவதால் பூசை நடுவில் வாளியை நகர்த்த வேண்டியிருக்கிறது.

நீ கேட்டது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பாப்பா கொஞ்சம் தயங்கினாள், அவ்வளவுதான். அவளுக்குச் சளித் தொந்தரவு அடிக்கடி வருகிறதா? டாக்டரிடம் எப்போதாவது பொதுவாகக் காட்டுவது நல்லது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

புதுநன்மைக்கு அவசரம் இல்லை அல்லவா? ஒரு வருஷம் தள்ளினாலும் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

பிப்ரவரி 20

தம்பி,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். கடிதத்தின் தலையில் சிலுவை போடாமலே ஆரம்பித்துவிட்டேன். போட்டுவிட்டு எழுதக்கூடிய விஷயமும் இல்லை இது.

அட்டவணை நேற்றுக் கூடத்துச் சுவரில் புதுநன்மைப் பட்டியலை ஒட்டினாள். (இனிமேல் அவளுக்கு 'அவர்' கிடையாது.) நான்கு பிள்ளைகள் தயாரானார்கள், பட்டியலில் மூன்று பெயர். பாப்பா இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோர் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற சுவரில் என் பிள்ளைக்கு இடம் இல்லை.

நேராகப் போய்க் கேட்டேன். சுண்ணக்கட்டித் தூசியைத் தட்டிக்கொண்டு சொல்கிறாள்: "டீச்சர், பாப்பா பாவசங்கீர்த்தனப் பயிற்சில வாயே தெறக்கல. திரைக்குப் பின்னால உக்காந்து நாலு தடவ கேட்டேன். இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"வீட்டுல கடகடன்னு சொல்றாளே!"

"வீட்டுல சொல்வா."

"அப்ப உங்ககிட்ட மட்டும் ஏன் சொல்லல? நீங்க மெரட்டியிருப்பீங்க."

அவள் என்னையே பார்த்தாள். ஏதோ தனக்கு மட்டும் தெரிந்தது போல ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கே ஓர் அறை விட்டிருக்கலாம். பக்கத்தில் பேக்கரிக்காரர் மனைவி இருந்தார், பிழைத்தாள்.

பாப்பா வீட்டுக்கு வந்து, மாட்டிவைத்திருந்த வெள்ளைக் கவுனைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தாள். எட்டு வயதுப் பிள்ளை, தம்பி. மூலையைச் சரியாகப் பிடித்து மடித்தாள். இந்த வலி என்னவென்று அந்த அட்டவணைக்கும் ஒருநாள் காட்டாமல் விடமாட்டேன்.

உங்கள் சாமியார் பாஷையில் இதற்கு ஏதாவது மருந்து இருந்தால் எழுது. மன்னிப்பு பற்றிய பிரசங்கம் மட்டும் வேண்டாம்.

அக்கா

மார்ச் 12

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். பதில் தாமதம், கூரை வேலை நடக்கிறது, ஓடு மாற்றுகிறவர்களோடு காலை முதல் நிற்க வேண்டியிருக்கிறது. உன் தலைவலி எப்படி?

அந்த அம்மாவுக்கு உள்நோக்கம் இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு நர்ஸாக இருந்தவர். அவர் ஏதாவது சொல்ல வந்தால் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கேள். எனக்காக. வேறொன்றும் இப்போது எழுதத் தோன்றவில்லை.

எல்லோருக்கும் என் ஆசீர்.

தம்பி

மார்ச் 19

அன்புள்ள சாமியாருக்கு,

ஆம், இன்று சாமியார்தான். தம்பியாக இருந்தால் அவளுக்கு வக்காலத்து வாங்கியிருக்க மாட்டாய். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டின் கீழ் நிற்காதீர்கள்.

நடந்ததைக் கேள். போன செவ்வாய் நான் சரித்திரப் படங்களை எடுக்க அலமாரிக்குப் போனேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். பாப்பா மட்டும் குனிந்து வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அட்டவணை நின்றுகொண்டு சாவிக்கொத்தைக் கலகலவென்று ஆட்டுகிறாள்! ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி. ஒரு பக்கம் ஆட்டினாள், பிறகு மறுபக்கம் ஆட்டினாள். பாப்பா வரைந்துகொண்டே இருந்தாள். அவள் மதிக்கவில்லை என்றதும் எனக்குள்ளே ஒரு சந்தோஷம். என் மகள் அல்லவா?

நான் போட்ட சத்தத்தில் கூடத்து ஜன்னல் அதிர்ந்திருக்கும். அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க கொஞ்சம் உக்காருங்க, பேசணும்" என்றாள். உட்காரவா? பாப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்தாள். "டீச்சர், அஞ்சு நிமிஷம். ஒரு சீட்டு மட்டும் குடுத்துட்டுப் போயிடறேன்." உன் கடிதத்தில் ஐந்து நிமிஷம், அவள் வாயிலும் ஐந்து நிமிஷம். எல்லோருக்கும் என்னிடம் ஐந்து நிமிஷம் வேண்டும். கதவைச் சாத்திவிட்டேன். சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனாள். மன்னிப்புக் கடிதமாக இருக்கும். படித்தால் மனசு இளகிவிடுமோ என்று பயந்து படிக்காமலே கிழித்துப்போட்டேன். எனக்கு இப்போது இளகக் கூடாது.

ஏனென்றால் வழி கிடைத்துவிட்டது.

மே மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார். வருஷா வருஷம் வந்து ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் புரட்டுவார். எழுதின கட்டுரை, போட்ட கணக்கு, ஆசிரியர் குறிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி உத்தரவு. பதினொரு கோப்பும் என் கையில். இதில் ஒரு ரகசியம் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. நெட்டைக்குப் பதினொரு வயது. பெருக்கல் வாய்ப்பாட்டில் புலி. ஆனால் சொந்தமாக நான்கு வரி எழுத வராது. அவள் அம்மாவுக்கு இது தெரியாது. கட்டுரை என் பாடம் அல்லவா? மூன்று வருஷமாக ஏப்ரல் வந்தால் நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாயால் சொல்லச் சொல்லி, நானே கோர்த்துக் கொடுத்து, அவள் கையெழுத்தில் பத்துக் கட்டுரை தேற்றிக் கோப்பில் வைப்பேன். பாவம் என்று செய்தேன்.

இந்த ஏப்ரலில் செய்யப்போவதில்லை. அவ்வளவுதான். நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை, தம்பி. அதுதான் இதில் ருசி.

அக்கா

ஏப்ரல் 9

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றாலாவது ஒரு வரி எழுது.

இங்கே எல்லோரும் நலம். நெட்டை ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் என் மேசையருகே வந்து நிற்கிறாள். "டீச்சர், கட்டுரை எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்கிறாள். "ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கலாம்" என்கிறேன். பாப்பாவுக்கு அவள்தான் உயிர்த்தோழி. இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து, வாயசைவிலேயே சத்தமில்லாமல் பேசிச் சிரிக்கும். என்ன விளையாட்டோ.

ஒரு கணம் மனசு பின்வாங்கியது. பிறகு கவுன் மடித்த கையை நினைத்துக்கொண்டேன்.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதே. அந்தப் பெண்பிள்ளை உனக்கு என்ன செய்தாள்? அவள் அம்மாவும் நீ நினைக்கிற மாதிரி இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. மே முதல் வாரம் நான் அங்கே வருகிறேன். நேரில் உட்கார்ந்து எல்லாம் பேசுவோம். அதுவரை பொறு.

முழங்கால் மறுபடி வலிக்கிறது.

தம்பி

மே 17

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். மே முதல் வாரம் வருகிறேன் என்றாய். உன் அத்தான் பணிமனையில் லீவு சொல்லிவிட்டு இரண்டு நாள் ஸ்டேஷனில் போய் நின்றார். நீ வரவில்லை. கூரைதானே? இருக்கட்டும்.

முடிந்தது.

அதிகாரி திங்கட்கிழமை வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிறவர். கோப்புகளை வயது வாரியாக அடுக்கிவைத்திருந்தேன். பாப்பாவின் கோப்பைப் பார்த்துவிட்டு "அருமை" என்றார். நெட்டையின் கோப்பைத் திறந்தார். கணக்குத் தாள்கள் அறுபது. அறிவியல் படங்கள். மொழிப் பிரிவில் ஒரே ஒரு தாள், என் குறிப்பு: 'இந்த மாணவியால் துணையில்லாமல் ஒரு பத்தி எழுத இயலாது.' உண்மையைத் தவிர வேறு ஒரு எழுத்து அதில் இல்லை.

அவர் நெட்டையைக் கூப்பிட்டார். "உன் வீட்டைப் பத்தி அஞ்சு வரி எழுதும்மா." பென்சிலைக் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அட்டவணை சுவரோரம் நின்றிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை, "எழுதுடா, நல்லாத்தானே எழுதுவே" என்றாள். கால் மணி நேரம். 'எங்கள் வீடு' என்று எழுதி, அதைச் சுரண்டி அழித்து, மறுபடி எழுதினாள். தாள் கிழிந்துவிட்டது. அப்புறம் அழ ஆரம்பித்தாள். அவ்வளவு உயரப் பிள்ளை அழுவதைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது.

உத்தரவு அங்கேயே எழுதியாயிற்று. உடனே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இரண்டு வகுப்பு கீழே, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு.

எல்லோரும் போன பிறகு அட்டவணை என்னிடம் வந்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். பேச வேண்டியதை மூன்று மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவள் கேட்டது ஒன்றுதான். "மூணு வருஷமா நீங்கதான் எழுதவச்சீங்களா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் ஏதாவது பண்ணியிருப்பேன்ல?"

சுவரில் இருந்த அவளுடைய அட்டவணைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆணிகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. அது மட்டும்தான் எனக்குக் குறை.

நன்றாகத் தூங்குகிறேன். தலைவலி போய்விட்டது. நீ என்ன நினைப்பாய் என்று தெரியும், நினைத்துக்கொள். பாப்பா மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை. தோழி போய்விட்டாள் அல்லவா? ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

உன் அக்கா

ஜூன் 16

அன்பு அக்காவுக்கு,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

பாப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

டிசம்பரில் அவளைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அந்த மரக்கூண்டில், முழங்கால் போடவைத்து, நடுவில் திரையை இழுத்துவிட்டு, "எப்ப கடைசியா பாவசங்கீர்த்தனம் செஞ்சே, இதுதான் முதல் தடவையான்னு சொல்லும்மா" என்றேன். பதில் இல்லை. மூன்று முறை கேட்டேன். திரையை விலக்கி அதே குரலில் கேட்டேன், டக்கென்று சொன்னாள். மறுபடி திரையைப் போட்டேன், மறுபடி மௌனம். எதிரே பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் அவள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாய்; உன் முகத்தைப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டாள். பெரிய வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஒரு வாரத்தில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். நீ அவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் உனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நான் "பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்ததும், "என் பொண்ணுக்கு ஒரு குறையும் கெடையாது" என்று நீ வெட்டினாய். அத்தானின் தங்கை, 'பாப்பா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா' என்று ஒரு தடவை சொன்னதற்கு அவள் கல்யாணத்துக்கே நீ போகவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. எனக்கும் அப்படி ஆகிவிடும் என்று பயந்தேன். எனக்கு உன்னைத் தவிர வேறு வீடு இல்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் கோயில் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். நர்ஸாக இருந்தவர் என்பதால் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பங்குச்சாமியார் வயதானவர், முணுமுணுவென்று பேசுகிறவர், திரையை விலக்க மாட்டார். காதைப் பார்க்காமல் குழந்தையை அந்தத் தொட்டிக்குள் அனுப்ப வேண்டாம், பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று சொன்னது நான். நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றது நான். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், நானே அக்காவிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டதும் நான்தான். நீ கிழித்துப்போட்ட சீட்டில் காது டாக்டரின் விலாசம் இருந்தது.

அவர் எனக்கு இரண்டு முறை எழுதினார். 'ஃபாதர், நீங்க சொல்லிடுங்க, என்னால டீச்சர் முகத்தப் பாக்க முடியல' என்று. 'கொஞ்சம் பொறுங்கள்' என்று பதில் போட்டேன். அதிகாரி வந்து போன பிறகு அவர் எழுதவில்லை.

மே மாதம் டிக்கெட் எடுத்தேன். ரயில் வரும் வரை பிளாட்பாரத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கூரை மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஏறி நின்று உண்மையைப் பற்றிப் பேசுகிறவன் நான். என்னை மன்னி என்று கேட்கமாட்டேன். முதலில் பாப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

தம்பி

ஜூலை 2

உனக்கு,

டாக்டரிடம் போனோம். வலது காது அநேகமாக இல்லை. இடது காதில் பாதி. இரண்டு வருஷத்துக்கு முன்னாடியே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார். காதுக் கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். வெளியே வந்து உன் அத்தான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் தங்கை சொன்னதை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

அப்புறம் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நான் அழுதேன், காலில் விழுகிற அளவுக்குப் போனேன். அவர் சொன்னது இது: "ஃபாதருக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தினேன். உங்க பொண்ணக் காப்பாத்தப் பாத்தேன். உங்களுக்குன்னு நான் ஒண்ணும் செய்யல டீச்சர். உள்ள என் பொண்ணு, ஒன்பது வயசுப் பிள்ளைங்க புத்தகத்த வச்சுட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு உங்க முகத்தக் காட்ட வேணாம்." கதவை மெதுவாகத்தான் சாத்தினார். நான் அவர் முகத்தில் சாத்தினதுபோல இல்லை.

அந்த ஆத்திரம் முழுக்க உன் பக்கம் திரும்பியது. மறைக்கவில்லை. எனக்கு அப்படித்தான் வரும். யாராவது ஒருத்தர் வேண்டும்.

நேற்றுக் கூடத்தில் எல்லாக் குடும்பத்தையும் வரவழைத்தேன். பங்குச்சாமியாரையும் கூப்பிட்டேன். உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். நான் கோப்பில் செய்ததையும் சேர்த்துச் சொன்னேன்; என்னை மட்டும் ஒளித்துக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால், உன் பெயரைக் கெடுக்கத்தான் வாசித்தேன். 'உங்க தம்பி எவ்வளவு நல்ல சாமியார்' என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான். நிதானமாக, வாய் நன்றாகத் தெரியும்படி வாசித்தேன். முதல் பெஞ்சில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். முடித்தபோது தையற்காரம்மா அழுதார். தபால்காரர் தன் பிள்ளைகளின் கோப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது.

உனக்கு எழுத வேண்டிய வரியை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். 'அடுத்த வருஷம் பாப்பாவின் புதுநன்மைக்கு நீ வர வேண்டாம், இனி உனக்கு இந்த வீடு இல்லை' என்று. பாப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, மாமா மேல கோவமா?"

"ஆமா. தெரிஞ்சும் என்கிட்ட மறைச்சுட்டான்ல."

"அப்ப என் மேலயும் கோவப்படுவீங்களா?" என்றாள்.

"நீ என்ன பண்ணே?"

"எனக்கும் தெரியும்மா. எல்லாருக்கும் கேக்குறது எனக்குக் கேக்கலன்னு. ரொம்ப நாளாவே தெரியும். நெட்டைக்கும் தெரியும். ஆன்ட்டி சாவி ஆட்டினாங்கல்ல, அதுக்கு அடுத்த வகுப்புல என்கிட்ட கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன். அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னும் சொன்னேன்."

"ஏன் கண்ணு?"

"சொன்னா அவங்களையும் நம்ம வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லிடுவீங்க. அத்தைய சொன்னீங்கல்ல."

தெருவில் அப்படியே நின்றேன், தம்பி. நீ என்னிடம் மறைத்தாய், உன்னைப் பழிவாங்கியாயிற்று. அந்த அம்மா மறைத்தார், அவரையும் பழிவாங்கியாயிற்று. இவளும் மறைத்திருக்கிறாள், உங்கள் இருவருக்கும் முன்னாலிருந்தே, என்னிடம் பயந்துகொண்டு. இவளை நான் என்ன செய்ய?

பதில் எழுது.

அக்கா